ஏழு மாசமா ஒரே பேச்சு: வீட்டை மாத்துறதா, வீடு மாறுறதா

போன மழைல ஹால் சீலிங்ல ஒரு கைக்குட்டை அளவுக்கு ஈரம் தெரிஞ்சுது, சரி வெயில் வந்தா காஞ்சிடும்னு விட்டுட்டோம். அடுத்த மாசம் பெட்ரூம்ல நடுராத்திரி டமார்னு சத்தம், எழுந்து லைட்டைப் போட்டா தலைமாட்டுக்கு ஒரு முழம் தள்ளி சீலிங் பூச்சு பெயர்ந்து விழுந்து கிடக்கு, மேல பார்த்தா துருப்பிடிச்ச கம்பி பல்லைக் காட்டிட்டு நிக்குது. அன்னைக்கு ராத்திரியே என் வீட்டுக்காரர் "இனிமே இதுல காசைக் கொட்ட வேணாம், வித்துட்டு வேற எங்கயாவது போயிடலாம்"னாரு, நான் "ஒரு பூச்சு விழுந்ததுக்கு வீட்டையே விப்பாங்களா"னு எகிறினேன். அதோட ஆரம்பிச்ச பேச்சு ஏழு மாசம் ஓடுச்சு.

இது அப்பா கட்டின வீடு. அதனால அம்மாதான் விக்க விடமாட்டாங்கன்னு எல்லாரும் நினைச்சோம், அண்ணன்கூட போன்ல "அம்மாகிட்ட பக்குவமா பேசு"ன்னான். அம்மா என்னடான்னா "அப்பாவே போயாச்சு, செங்கலையா கட்டிக்கிட்டு அழப்போறேன், படி ஏறாம பாத்ரூம் இருந்தா எனக்கு எந்த வீடும் வீடுதான்"னு சொல்லிட்டாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, கட்டிக்கிட்டு அழறது நான்தான்னு.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னாங்க. ஏற்கனவே இடிச்சுக் கட்டினவங்க இடிச்சுக் கட்டுன்னாங்க, வித்துட்டுப் போனவங்க வித்துட்டுப் போன்னாங்க. அவங்க எடுத்த முடிவு சரின்னு அவங்களுக்கே ஒரு சாட்சி வேணும் போல. அதெல்லாம் கேட்டு தலை சுத்தினப்புறம் நான் ஒரு வேலை பண்ணேன், ஃப்ரிட்ஜ் மேல ஒரு பழைய நோட்டை வச்சு, இந்த வீட்ல எதுக்காவது எரிச்சல் வந்தா அந்த நிமிஷமே அதுல எழுதணும்னு நாலு பேருக்கும் சொல்லிட்டேன், மூணு வாரத்துக்கு. உட்கார்ந்து யோசிச்சு எழுதினா எல்லாம் பெரிய பெரிய குறையா வரும், எரிச்சல் வந்த நேரத்துல எழுதினாத்தான் உண்மை வரும்.

மூணு வாரம் கழிச்சு படிச்சுப் பார்த்தா சிரிப்பு வந்துச்சு. என் பக்கம் பூரா அலமாரி பத்தல, கிச்சன் இருட்டு, சாமான் வைக்க இடமில்லன்னு. அவரோட பக்கத்துல வீட்டைப் பத்தி ஒரு வரி கூட இல்ல, எல்லாமே ரோட்டு இரைச்சல், ஆபீஸ்ல இருந்து வர ஒன்றரை மணி நேரம், வண்டி நிறுத்த இடமில்ல. அம்மா ஒரே விஷயத்தை பதினோரு தடவை எழுதியிருந்தாங்க, படி. பொண்ணு எழுதினது ரெண்டே வரி, ஃப்ரெண்ட்ஸ் யாரும் பக்கத்துல இல்ல, அப்புறம் "அம்மா அப்பா வீட்டைப் பத்தி சண்டை போடறாங்க."

நாங்க ஏழு மாசமா ஒரே வீட்டைப் பத்திப் பேசிட்டு இருக்கோம்னு நினைச்சிருக்கோம், ஆனா அவர் பேசினது தெருவைப் பத்தி, நான் பேசினது உள்ளுக்குள்ள இருக்கற நாலு சுவரைப் பத்தி. மேஸ்திரி கை படற குறை ஒண்ணு, மேஸ்திரி கை படாத குறை இன்னொண்ணு. அவரோட ஒன்றரை மணி நேரத்தை எந்த டைல்ஸ் போட்டும் குறைக்க முடியாது. என்னோட அலமாரி பிரச்சினைக்கு புது வீட்டுக்குப் போனாலும் இதே சாமான்தானே கூட வரப்போகுது. (பாதி சாமானை அப்புறம் தூக்கிப் போட்டோம், அலமாரி பிரச்சினை அன்னைக்கே முடிஞ்சுது, இதை அவர்கிட்ட இன்னும் ஒத்துக்கல.)

தூரத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஃப்ரே, ஸ்டட்ஸர்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் ஜெர்மனியோட பல வருஷ சர்வேயை வச்சு 2008ல ஒரு கட்டுரை போட்டாங்க. நல்ல வீடோ நல்ல சம்பளமோ கிடைக்குதுன்னுதானே ஆளுங்க தூரமா போய்ட்டு வர்றாங்க, அப்போ ரெண்டும் சரிக்குச் சரியா ஆகியிருக்கணும், ஆனா பயண நேரம் கூடக் கூட வாழ்க்கை திருப்தியா இருக்குன்னு சொல்றது குறைஞ்சுட்டேதான் போகுதாம். இதைப் படிச்சதுல இருந்து என் வீட்டுக்காரர் ராத்திரி சாவியை மேஜை மேல வீசற சத்தத்தை நான் வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சேன்.

சரி, மேஸ்திரி கை படற குறைக்கு வருவோம். இங்க நாங்க பண்ண ஒரே புத்திசாலித்தனம், கான்ட்ராக்டரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, வேலை எடுக்காத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு ஃபீஸ் கொடுத்து பார்க்கச் சொன்னது. வேலை எடுக்கறவர்கிட்ட "வேலை வேணுமா"ன்னு கேட்டா என்ன பதில் வரும்.

அவர் ஒரு சின்ன சுத்தியலோட வந்தாரு. சீலிங் பூரா தட்டித் தட்டி காதை வச்சுக் கேட்டாரு, கெட்டியா கேட்டா பரவாயில்ல, பொத்துனு கேட்டா உள்ள பிரிஞ்சு நிக்குதுன்னு அர்த்தமாம், அங்கெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டே போனாரு. அவர் சொன்னதுல எனக்குப் புரிஞ்சது இது. நல்ல கான்கிரீட் ரொம்ப காரத்தன்மையா இருக்கும், பிஹெச் 12, 13 கிட்ட, அது இருக்கற வரைக்கும் கம்பி மேல ஒரு மெல்லிசான படலம் இருந்து துருவை அண்ட விடாது. வருஷக்கணக்குல காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள இறங்கி அந்தக் காரத்தை 9 அளவுக்குக் கொண்டு வந்துட்டா படலம் போச்சு, கூட மேல இருந்து தண்ணியும் கசிஞ்சா துரு ஆரம்பம். துரு, அதுவா மாறின இரும்பை விட 2ல இருந்து 6 மடங்கு வரைக்கும் இடம் எடுத்துக்கும், அந்த உப்பல்தான் கான்கிரீட்டை வெளிய தள்ளுது. அதனால விழுந்த இடத்துல சிமென்ட் அப்பி பெயின்ட் அடிச்சா புண்ணை மூடி சட்டை போட்ட கதை. முதல்ல மொட்டை மாடில தண்ணி இறங்கறத நிறுத்தணும், அப்புறம் பிரிஞ்சதைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தி துருவைத் தேய்ச்சு எடுத்து, ரொம்ப மெலிஞ்சு போயிருந்தா கூட ஒரு கம்பி கட்டி, அதுக்குன்னு இருக்கற கலவையை வச்சு மூடணும். எங்களுக்கு ரெண்டு இடத்துல மட்டும் கம்பி மெலிஞ்சிருந்துச்சு, மத்தது பரவாயில்லன்னுட்டாரு.

படிக்கட்டுப் பக்கம் ஒரு விரிசல் இருக்கு, அதைத்தான் நான் பயந்து பயந்து காட்டினேன். அவர் அலட்டிக்கவே இல்ல. செங்கல் சுவர் விரிசலை அகலத்தை வச்சு வகை பிரிக்கற ஒரு அட்டவணை பிரிட்டன் கட்டட ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்தது இருக்காம், அதுல 5 மில்லிமீட்டர் வரைக்கும் பெரும்பாலும் பார்க்க அசிங்கம் அவ்வளவுதான், அதைத் தாண்டினா கதவு ஜன்னல் மாட்டிக்கறது மாதிரி தொந்தரவு, 25க்கு மேல போச்சுன்னா கட்டடம் நிக்குமான்னே பார்க்கணும். எங்களோடது 2 மில்லிமீட்டர். "அகலத்தை விட, நகருதா நின்னுடுச்சாங்கறதுதான்மா முக்கியம்"னு சொல்லி, விரிசல் முடியற ரெண்டு முனைலயும் பென்சில்ல குறுக்கா ஒரு கோடு போட்டு தேதி எழுதிட்டுப் போனாரு. கோட்டைத் தாண்டி வளர்ந்தா போன் பண்ணணும்.

மேல ஒரு மாடி எடுத்து இடத்தைப் பெருசாக்கலாம்ங்கற என் கனவு அங்கயே போச்சு, அஸ்திவாரம் அதுக்குப் போட்டது இல்லையாம். கிச்சன் சுவரை எடுக்கறதும் அப்படித்தான், பில்லர் இல்லாத வீட்ல அந்தச் சுவரே பாரம் தாங்கற சுவர், எடுக்கணும்னா பீம் கொடுக்கணும். வயரிங்ல எம்சிபி இருந்துச்சு, ஆனா ஆள் மேல கரன்ட் கசிஞ்சா கட் பண்ற 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் இல்ல. எம்சிபி லோடு ஏறினாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும், ஒரு ஆளுக்கு ஷாக் அடிக்கற அளவு கசிவெல்லாம் அதுக்குக் கண்ணுக்கே தெரியாது. இத்தனை வருஷம் எல்லாம் பத்திரமா இருக்குன்னு நினைச்சுட்டு இருந்திருக்கோம்.

அடுத்து காசு. இங்கதான் எல்லாரும் தப்புக் கணக்கு போடறோம், நாங்களும் போட்டோம். புது வீட்டு விலைல இருந்து பழைய வீட்டு விலையைக் கழிச்சு, அதை கான்ட்ராக்டர் எஸ்டிமேட்டோட ஒப்பிட்டுப் பார்க்கறது. பதிவுச் செலவு, புரோக்கர், பழைய லோனை மூடறது, சாமான் ஏத்தி இறக்கறது, வாங்கற வீட்லயும் போனவுடனே கை வைக்க வேண்டிய வேலை, எதுவும் இதுல வராது. இந்தப் பக்கம் எஸ்டிமேட்டும் லேசுப்பட்டது இல்ல, கொத்தினதுக்கு அப்புறம்தானே உள்ள என்ன இருக்குன்னே தெரியும். நாள் கணக்கும் அப்படித்தான். 1994ல வந்த ஒரு ஆய்வுல, மாணவர்கள்கிட்ட உங்க தீசிஸை எப்ப முடிப்பீங்கன்னு கேட்டா சராசரியா 34 நாள்னு சொல்லியிருக்காங்க, எடுத்துக்கிட்டது 55 நாளுக்கு மேல. தன் வேலை தன் கைல இருக்கறவங்களுக்கே இந்தக் கதின்னா, பிளம்பர் வந்தாத்தான் டைல்ஸ்காரர், டைல்ஸ்காரர் முடிச்சாத்தான் பெயின்டர்னு நிக்கற வேலை என்ன ஆகும்.

விக்கற விலைலயும் நான் ஏமாந்தேன். மனசுல ஒரு விலை வச்சிருந்தேன், வந்து பார்த்த மூணு பேரும் அதுக்குக் கீழதான் சொன்னாங்க, எனக்கு அவ்வளவு கோவம். கானமன், நெட்ச், தேலர் மூணு பேரும் 1990ல எழுதின கோப்பை ஆராய்ச்சி அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. பாதிப் பேருக்கு சும்மா ஒரு கோப்பையைக் கொடுத்துட்டு என்ன விலைக்குக் கொடுப்பேன்னு கேட்டா, கோப்பை கிடைக்காதவங்க தர்றேன்னு சொன்ன விலையைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கேட்டாங்களாம். கைல வந்து சில நிமிஷம் ஆன கோப்பைக்கே இப்படின்னா, நான் நடை பழகின வீட்டுக்கு நான் சொல்ற விலையை யார் நம்புவா.

முடிவுக்கு வழி காட்டினது அம்மாதான். கொத்தற வேலை நடக்கும்போது எப்படியும் வேற இடத்துல வாடகைக்குப் போய்த்தானே ஆகணும், அந்த வாடகை வீட்டை மாப்பிள்ளை போகணும்னு சொல்ற ஏரியாலயே எடுத்தா என்னன்னு கேட்டாங்க. ஏழு மாசமா இது எங்க யாருக்கும் தோணவே இல்ல. வேலையையும் ரெண்டாப் பிரிச்சோம். மாடி வாட்டர்ப்ரூஃப், கம்பி வேலை, வயரிங், தரைத்தளத்துல பாத்ரூம், இதெல்லாம் வித்தாலும் இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை, கசியற வீட்டை கசியற விலைக்குத்தான் கேப்பாங்க. டைல்ஸ், கிச்சன், அலமாரி எல்லாம் இப்போதைக்குத் தொடல. விக்கறதா முடிவானா வாங்கறவர் தன் ரசனைக்கு அதைப் பேர்த்து எடுக்கத்தான் போறாரு, அதுக்கு நான் எதுக்கு இப்பவே அழணும்.

வாடகை வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. அவர் இருபது நிமிஷத்துல வந்துடறாரு, வந்து என்ன பண்றதுன்னு தெரியாம கிச்சன்ல வந்து நிக்கறாரு. பொண்ணு ஸ்கூலுக்கு நடந்தே போறா. அம்மாவுக்கு படி இல்ல, ஆனா வாசல்ல உட்கார்ந்து பேச ஆள் இல்லன்னு பழைய தெருவுக்கு தினமும் ஒரு மணி நேரம் போன்ல பேசறாங்க. எனக்கு வெளிச்சமான கிச்சன் கிடைச்சிருக்கு, காலைல பக்கத்து வீட்டு மோட்டார் சத்தமும் சேர்ந்து கிடைச்சிருக்கு. ஃப்ரிட்ஜ் மேல புது நோட்டு வச்சிருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை வேலை எப்படிப் போகுதுன்னு பார்க்க பழைய வீட்டுக்குப் போனேன். சீலிங் முடிஞ்சுது, பாத்ரூம் குழாய்க்கு ஆள் வரலையாம். படிக்கட்டு விரிசல் பென்சில் கோட்டுக்குள்ளயே நிக்குது. மேஸ்திரி கரண்டியோட வந்து "இதையும் அடைச்சு விட்டுடவாம்மா?"ன்னாரு. இப்ப வேணாம்ணேன்னு சொல்லி, பழைய தேதிக்குக் கீழ அன்னைக்குத் தேதியையும் எழுதிட்டு வந்தேன்.