பாமினியிலிருந்து சிஎஸ்விக்கு: ஜாவாவில் சொந்தமாக ஒரு தரவு மூலம்

வலிகாமம் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் யாழ்ப்பாண நகரக் கடைகள் சிலவற்றுக்கும் ஜாவாவில் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் தொழில். திரையை எவ்வளவு அழகாகச் செய்து காட்டினாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இதை எக்செலுக்கு எடுக்கலாமோ?" எடுக்கலாம், சிஎஸ்வி கோப்பாக: மதிப்புகளைக் கமாவால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு அது, எக்செல் அதைத் திறக்கும். எப்படி எடுப்பது என்பதில்தான் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் அங்கிருந்து மூன்று இடத்துக்குக் கோப்பு போக வேண்டும். கணக்காளர் அக்காவுக்கு எக்செலில் திறக்க வேண்டும். கணக்காய்வாளருக்கும் எக்செல்தான், ஆனால் அவர் கேட்கும் நிரல்கள் (மேலிருந்து கீழாக வரும் பத்திகள்) வேறு. வங்கிக்குப் போவதில் தலைப்பு வரியே இருக்கக் கூடாது. இன்னொருவர் எழுதி வைத்த பழைய புரோகிராமில் இதற்கு ஒவ்வொரு திரைக்குள்ளும் ஒரு லூப்: தரவுத்தளத்திலிருந்து எடு, கமா போட்டு ஒட்டு, கோப்பில் எழுது. திரைக்குத் திரை அதே லூப் கொஞ்சம் கொஞ்சம் மாறி இருந்தது. மதிப்புக்குள் இருக்கும் கமா பிரிப்பாக எடுபடாமல் காக்கும் மேற்கோள் குறியை ஒன்றில் போடுவார், மற்றதில் போடமாட்டார்.

நான் அதை இரண்டாகப் பிரித்தேன். கோப்பில் எழுதுபவன் ஒருவன். அவனுக்குக் கமா, மேற்கோள் குறி, வரி முடிவு தவிர வேறொன்றும் தெரியாது. தரவு கொடுப்பவன் வேறு, அவனைத்தான் தரவு மூலம் என்கிறேன். அவனுக்கென்று ஒரு சின்ன இன்டர்ஃபேஸ், அதாவது என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்ற பட்டியல்: நிரல்களின் பெயர்களைச் சொல், அடுத்த நிரைக்கு (வரிக்கு) போ, இந்த நிரலில் என்ன இருக்கிறது என்று கொடு, முடிந்ததும் மூடு. இவ்வளவுதான். 'மூடத் தெரிந்தவன்' என்று சொல்லும் ஜாவாவின் ஆட்டோகுளோசபிள் இன்டர்ஃபேஸை நீட்டித்து வைத்தால், வேலை முடிந்ததும் தானாக மூடும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் மூடும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர் ஜாவாவில் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். இட்டரேட்டரில் 'ஹாஸ்நெக்ஸ்ட்' என்று ஒன்று உண்டு. அடுத்தது இருக்கிறதா என்று கேட்கும், ஆனால் நகரக் கூடாது. தரவுத்தளத்தின் பதிலை நிரை நிரையாகத் தரும் ரிசல்ட்செட்டின் 'நெக்ஸ்ட்' நகர்ந்துவிட்டுத்தான் பதில் சொல்லும். இரண்டையும் ஒட்டப் போனால் ஒரு நிரையை முன்கூட்டியே எடுத்து ஒளித்து வைக்க வேண்டி வரும். ஒரே மெதட் (செயல்) நகர்ந்து, இருந்தால் ட்ரூ, முடிந்தால் ஃபால்ஸ் என்று சொல்வதே சுகம். அச்சு அறிக்கை தயாரிக்கும் ஜாவா நூலகமான ஜாஸ்பர்ரிப்போர்ட்ஸின் ஜேஆர்டேட்டாசோர்ஸும் இப்படித்தான்: 'நெக்ஸ்ட்', 'கெட்ஃபீல்ட்வேல்யூ' என்று இரண்டே மெதட். அதனால் என் மூலத்தைச் சுற்றி ஒன்றை மற்றதாகக் காட்டும் ஒரு சிறிய அடாப்டர் எழுதினால் அச்சடிக்கும் அறிக்கைக்கும் அதே தரவு போகிறது. பிடிஎஃப்பில் தமிழ்க் கொம்புகள் இடம் மாறுவது வேறு தலைவலி, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

ஜாஸ்பரிலேயே சிஎஸ்வி எடுக்கும் வசதியும் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அது பக்கத்தில் பெட்டிகள் இருக்கும் இடத்தை வைத்துத்தான் நிரல்களைக் கணக்கிடும். வடிவமைப்பில் ஒரு பெட்டி ஒரு பிக்சல் தள்ளிப் போனால் வெற்று நிரல் ஒன்று முளைக்கும். பக்கம் பிரிப்பதை நிறுத்தாவிட்டால் தலைப்பு வரி பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும். பக்க இடத்தைப் பார்க்காமல் நிரல் பெயரை வைத்து எடுக்கும் மெட்டாடேட்டா எக்ஸ்போர்ட்டர் என்று ஒன்று இதற்காகவே இருக்கிறது, ஆனாலும் வெறும் தரவு கேட்பவருக்குப் பக்க வடிவம் எதற்கு?

இந்தப் பிரிப்பின் அருமை பழைய உறுப்பினர் பட்டியலைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. பழைய புரோகிராம் விட்டுப் போன ஒரு சிஎஸ்வி கோப்பு. எழுத்தெல்லாம் பாமினி. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு பரவுவதற்கு முந்திய காலத்துப் பொருள் இது: கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், பாமினி எழுத்துருவைப் போட்டால் தமிழாகத் தெரியும். அதில் கமாவின் இடத்தில் இருப்பது 'இ'. அரைப்புள்ளியின் இடத்தில் இருப்பது மெய்யெழுத்தின் புள்ளி.

இப்போது யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பட்டியலில் இராசம்மா, இராசலிங்கம், இரத்தினம், இந்திராணி எத்தனை பேர்! மேற்கோள் குறி போடாமல் எழுதிய கோப்பில் அத்தனை பேரும் கமாவில் தொடங்குகிறார்கள். எக்செலில் திறந்தால் பெயர் நிரல் வெறுமை, 'ராசம்மா' பங்குப்பணத்தின் நிரலில், பங்குப்பணம் சேமிப்பின் நிரலில். அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, இராசம்மான்ர பேரைக் காணேல்லை, அவவின்ர காசும் வேற பக்கம் போட்டுது" என்றார். இ. இராசலிங்கம் என்று முன்னெழுத்தும் இ ஆனால் இரண்டு நிரல் தள்ளும். கமாவை விட்டு அரைப்புள்ளியால் பிரித்து எடுத்திருந்தால் இன்னும் மோசம். ஒரு மெய்யெழுத்துக்கு ஒரு நிரல் வந்திருக்கும்.

இதைக் கையால் திருத்த அக்கா தயாராகத்தான் இருந்தார். ஆனால் கோப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வழி உள்ளேயே இருக்கிறது. நிரல்கள் ஆறு: உறுப்பினர் இலக்கம், பெயர், பங்குப்பணம், சேமிப்பு, கடன் மீதி, திகதி. பெயரைத் தவிர மற்ற எதிலும் எழுத்து இல்லை, வெறும் இலக்கமும் குறியும்தான், கமாவும் கிடையாது. ஆகவே வரியைக் கமாவில் பிரித்து, இடப்பக்கம் ஒன்றை எடு, வலப்பக்கம் நான்கை எடு, நடுவில் மிஞ்சியது எத்தனை துண்டானாலும் கமா போட்டுத் திரும்ப ஒட்டு. அதுதான் பெயர். இந்த ஒட்டு வேலை பழைய கோப்பை வாசிக்கும் மூலத்துக்குள் மட்டும் இருக்கிறது. எழுதுபவனுக்கு இராசம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அதன் மேல் இன்னொரு மூலம். அதுவும் அதே இன்டர்ஃபேஸ்தான், உள்ளே வேறொரு மூலத்தை வைத்துக்கொண்டு சொன்ன நிரல்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றித் தரும். எல்லா நிரலையும் மாற்றவிடாதீர்கள், ஆங்கிலத்தில் எழுதிய கம்பனிப் பெயர் எதுவும் இருந்தால் அது தமிழ்க் குப்பையாகிவிடும். மாற்றும்போது நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்ற வேண்டும். 'கொ' பாமினியில் மூன்று எழுத்து: கொம்பு (ெ), க, அரவு (ா) என்ற வரிசையில். யூனிகோடில் க முதலில், அதன் பின் ஒற்றைக் குறி. தனித்தனியாக மாற்றினால் கொக்குவில் 'ெகாக்குவில்' ஆகிவிடும்.

அடுத்து எக்செல். உறுப்பினர் இலக்கம் கிளையும் தொடரும் சேர்ந்தது, 4/11 என்று இருக்கும். எக்செல் அதைத் திகதி என்று எடுத்துக்கொள்ளும். அக்காவின் கணினியில் அது நவம்பர் 4, கணக்காய்வாளரின் கணினியில் ஏப்ரல் 11, ஏனென்றால் இரண்டிலும் வட்டார அமைப்பு வேறு. மேற்கோள் குறிக்குள் போட்டாலும் எக்செல் மதிக்காது. 2016இல் வந்த 12 இலக்க அடையாள அட்டை எண்ணும் அப்படியே, பத்தின் அடுக்காகச் சுருங்கிக் காட்டும். தொலைபேசி இலக்கத்தின் முன் பூச்சியம் காணாமல் போகும். இதற்கு நான் செய்வது, அந்த நிரல்களைச் சூத்திரமாகக் கொடுப்பது. கலத்தில் ="4/11" என்று இருக்க வேண்டும், மேற்கோள் குறிகள் இரட்டிப்பதால் கோப்பில் "=""4/11""" என்று விழும். பார்க்க அசிங்கம், ஆனால் வேலை செய்கிறது. வங்கிக்கு இப்படிப் போனால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் இதுவும் ஒரு தனி உறை மூலம்: எக்செலுக்குப் போகும்போது மட்டும் மேலே போர்த்துவேன்.

எழுதுபவன் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சொல்வதுபோல் கமா, மேற்கோள் குறி, வரி முறிவு உள்ளவற்றை மேற்கோள் குறிக்குள் இடுகிறான், உள்ளே இருக்கும் மேற்கோள் குறியை இரட்டிக்கிறான். யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஜாவா 18இல்தான் அது இயல்பானது, சங்கத்து விண்டோஸ் கணினியில் இன்னும் ஜாவா 8, சொல்லாமல் விட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறி. எக்செலுக்கு என்றால் கோப்பின் தொடக்கத்தில் இது யூடிஎஃப்-8 என்று எக்செலுக்கு அடையாளம் காட்டும் மூன்று பைட்டு பிஓஎம் வேண்டும். வங்கிக்கு வேண்டாம்.

தரவுத்தள மூலத்தில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேசும் ஜாவா டிரைவர் இயல்பாக எல்லா நிரைகளையும் நினைவகத்துக்குள் இழுத்துவிட்டுத்தான் முதல் நிரையையே தரும். முன்னோக்கி மட்டும், வாசிக்க மட்டும் என்று ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, ஃபெட்ச் சைஸுக்கு (ஒரு தடவை எடுக்கும் நிரைகளின் அளவு) இன்டிஜரின் மின் வேல்யூவைக் கொடுத்தால் ஒவ்வொன்றாக வரும். ஆனால் கடைசி நிரை வரும்வரை, அல்லது ரிசல்ட்செட்டை மூடும்வரை, அதே இணைப்பில் வேறு கேள்வி கேட்க முடியாது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் உள்ளே போய்க் கடன் மீதி தேடும் பழக்கம் இருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள், இரண்டு அட்டவணையையும் ஒரே கேள்வியில் சேர்க்கும் ஜாயினில் முடித்துவிடுங்கள்.

சோதனைக்குத் தரவுத்தளமே தேவையில்லை. ஒரு லிஸ்டை வைத்துத் தரும் மூலம் இருபது வரிகூட வராது. அதில் பாமினி இராசம்மா, இ. இராசலிங்கம், பெயருக்கு நடுவில் மேற்கோள் குறியோடு ஒரு கடை, 4/11, வெறுமையான ஒரு சேமிப்பு என்று போட்டு வைத்திருக்கிறேன். ஒரு நிரைகூட இல்லாத மூலமும் உண்டு: எக்செல் கோப்பில் தலைப்பு மட்டும் வர வேண்டும், வங்கிக் கோப்பில் ஒரு பைட்டும் வரக் கூடாது.