தறி நின்ற வாரங்கள்

"ஓடும் வாரத்தைச் சொல்லட்டுங்களா, நிற்கும் வாரத்தைச் சொல்லட்டுங்களா?"

ஆண்டு வருமானம் எவ்வளவு என்று நான் கேட்டதற்கு அவர் திருப்பிக் கேட்டது இது. சோமனூர்ப் பக்கத்துக்காரர். ஆறு விசைத்தறிகள் வைத்து, பாவும் நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். மகளைப் பொறியியல் படிப்பில் சேர்க்க வந்திருந்தார்.

பெருந்துறை அருகே ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அந்த ஆண்டு என் மேசைக்கு வந்த வருமானச் சான்றிதழ்களில் அதன் சுவடே இல்லை. விசாரிக்க வருபவர் கண்ணுக்குத் தறிக்கூடம் தெரிகிறது. அதன்மேல் வாங்கிய கடன் தெரிவதில்லை.

பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான உதவித்தொகைக்கு அப்போது வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். அவர் சான்றிதழில் இருந்தது 2,64,000. மாதம் ஆயிரத்துச் சொச்சம் கூடிப்போனதற்கு உதவி மொத்தமும் போயிற்று. படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தால் என்ன? எனக்கு இன்றும் ஆறவில்லை.

முதல் பட்டதாரி சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. கலந்தாய்வில் வந்த எத்தனையோ தோட்டத்து வீட்டுப் பிள்ளைகளை அது கரையேற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பெண்ணின் அண்ணன் ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டான். தனியார் பள்ளியில் படித்தவள் என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை.

மிஞ்சியது கல்விக் கடன். குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டத்தை விளக்கினேன். கடன் என்றதும் அவர் முகம் சுருங்கியது. மகள்தான் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள். இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

அதன் பிறகு மே மாதமே பெற்றோரிடம் சொல்லி அனுப்புகிறேன்: இ-சேவை மையத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள், ஓராண்டுக் கூலிச் சீட்டுகளையும் கடன் பாஸ்புக்கையும் எடுத்துச் செல்லுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டுங்கள். எல்லா வீட்டிலும் இது பலித்தது என்று சொல்ல மாட்டேன். இந்த ஆண்டு பல்லடத்திலிருந்து வந்த ஓர் அம்மா, நாள்காட்டியையே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். தறி நின்ற வாரங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தார்.