பதிவேட்டுக்குள் வராத காய்ச்சல்

இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், 1947 முதல் 1962 வரை பதினாறு ஆண்டுகள், தம்மிடம் வந்த அக்கி நோயாளிகள் அனைவரையும் குறித்துவைத்தார். அவருடைய பொறுப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 3,500 பேர். அவர்களிடையே கண்டது 192 அக்கி. ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 3.4 என்ற அந்த விகிதமும், வயது கூடக் கூட அது உயர்ந்ததும், சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸே நரம்பு முடிச்சுகளில் தங்கிப் பிற்காலத்தில் அக்கியாக எழுகிறது என்று 1965இல் அவர் வெளியிட்ட கருத்துக்கு அடிப்படையாக அமைந்தன.

இதே ஆய்வை மதுரை மாவட்டத்தில் ஒரு மருத்துவர் செய்ய முனைந்தால் என்ன ஆகும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் குழந்தைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மாத்திரையோ ஊசியோ கூடாது என்பார்கள். அக்கி வந்தால் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வார்கள். ஆக, ஹோப்-சிம்ப்சன் ஒரே பதிவேட்டில் வைத்து இணைத்துப் பார்த்த இரண்டு நோய்களில் ஒன்று இங்கே வீட்டோடு நின்றுவிடுகிறது, மற்றொன்று வேறு வாசலுக்குப் போய்விடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பதிவேட்டை மட்டும் படிக்கிறவர், இந்த வட்டாரத்தில் சின்னம்மை அபூர்வம் என்ற முடிவுக்குக்கூட வரக்கூடும். இதை மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோவது ஆய்வாளருக்கு உதவாது. யார் மருத்துவரிடம் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்பதும் அவர் சேகரிக்க வேண்டிய தரவுதான். வீடு வீடாகச் செல்லும் கிராம சுகாதார செவிலியருக்கு எந்தத் தெருவில் வேப்பிலை தொங்குகிறது என்பது தெரியும். அக்கி எழுதுகிற வேளாரிடம் மாதத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் அவரும் சொல்லக்கூடும். அவரை யாராவது கேட்டிருக்கிறார்களா என்பதுதான் என் சந்தேகம்.

அடுத்த சிக்கல் வகுக்கும் எண். பிரிட்டனில் ஏறக்குறைய ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு குடும்ப மருத்துவரின் பட்டியலில் பதிவு பெற்றிருப்பதால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதைக் கணக்கிட முடிகிறது. 2020இல் ஓப்பன்சேஃப்லி என்ற ஏற்பாட்டின் வழியே சுமார் 1.7 கோடிப் பேரின் பதிவுகளைக் கொண்டு, கோவிட் இறப்புக்கு வயது, நீரிழிவு முதலியவை எந்த அளவு காரணமாகின்றன என்று சில மாதங்களுக்குள் சொல்ல முடிந்தது இந்தப் பட்டியல் முறையால்தான். நமது கிராமங்களுக்கும் இத்தகைய வாய்ப்பு ஓரளவு உண்டு: சமவெளியில் துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர் என்பது வகுத்தளித்த கணக்கு. நகரத்தில் அது இல்லை. செல்லூரில் காய்ச்சல் கண்ட ஒருவர் முதல் நாள் மெடிக்கலில் மாத்திரை வாங்குவார், மறுநாள் மாலை தெருமுனை டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வார், நான்காம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். தெருமுனை டாக்டர் எழுதிய சீட்டு நோயாளியின் சட்டைப்பையோடு போய்விடுவதால் அவரிடம் நகல் இருக்காது. அந்தக் காய்ச்சல் கணக்கில் ஏறினால் பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஏறும், அதுவும் நான்கு நாள் தாமதமாக. மெடிக்கல்களில் ஒரு பதிவேடு இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: 2014 மார்ச் முதல் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ள ஆண்டிபயாடிக் மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனியே எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது ஆய்வாளர் கைக்குப் போவதை விட மருந்து இன்ஸ்பெக்டர் வரும் நாளில் நிரம்புவதே அதிகம் என்று தோன்றுகிறது.

எழுதப்படுவதிலும் ஒரு குறை. பதிவேட்டில் நோயாளி வந்த தேதி இருக்கும். காய்ச்சல் தொடங்கிய நாள் பெரும்பாலும் இருக்காது. டெங்குவுக்கு முதல் ஐந்து நாட்களில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை, அதன் பிறகு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை என்பதால், தொடங்கிய நாள் தெரியாவிட்டால் பரிசோதனை முடிவுக்கே பொருள் சொல்ல முடியாமல் போகும். யார்க்‌ஷயரின் கிராமத்து மருத்துவர் வில்லியம் பிக்கிள்ஸ் 1929இல் பரவிய மஞ்சள் காமாலையின் அடைகாலம், அதாவது தொற்றியது முதல் நோய் வெளிப்படும்வரை உள்ள காலம், 26 முதல் 35 நாள் வரை என்று கணித்தது, யாருக்கு என்று தொடங்கியது, அதற்கு முன் யாரோடு இருந்தார்கள் என்பதை வீட்டுக்கு வீடு கேட்டுக் குறித்ததால்தான். மேலும், பதிவேட்டின் ஏற்ற இறக்கம் முழுவதும் நோயின் ஏற்ற இறக்கம் அன்று. தீபாவளி வாரத்தில் காய்ச்சல் குறைந்து அடுத்த வாரம் கூடியிருந்தால் கொசுவைக் காரணம் சொல்வதற்கு முன் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். மழைக்கால மருத்துவ முகாம் நடந்த கிராமத்தில் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும்.

இவற்றுக்கெல்லாம் புதிய செயலி ஒன்று தீர்வாகும் என்று நான் நம்பவில்லை. 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் களப்பணியாளருக்கு எஸ், மருத்துவருக்கு பி, ஆய்வகத்துக்கு எல் என்று மூன்று படிவங்கள் ஏற்கெனவே உண்டு. 2021 முதல் அவை இணையத்துக்கும் மாறிவிட்டன. குறைவது தனியார் மருத்துவரின் பங்கு. அதைப் பெற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் 1980களில் வட ஆர்க்காடு மாவட்டத்தில், அரசு மருத்துவர்களும் தனியார் மருத்துவர்களும் தாம் பார்த்த நோய்களை அச்சிட்ட அஞ்சலட்டையில் எழுதி அனுப்பும் முறையை ஏற்படுத்தினார்கள். அனுப்பியவர்களுக்கு மாதந்தோறும் ஒரு செய்தி மடல் திரும்பிச் சென்றது. அட்டையை விட அந்த மடலே முக்கியம் என்பது என் எண்ணம். தான் அனுப்பிய தகவல் எங்கோ போய் மறைகிறது என்று நினைக்கிற மருத்துவர் நெடுநாள் எழுதமாட்டார்.

அந்தரங்கம் பற்றியும் ஒரு சொல். பெயரை நீக்கினால் போதும் என்பது சிற்றூரில் செல்லாது. ஊர், வயது, நோய் மூன்றையும் சேர்த்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் பதிவுகளை ஓரிடத்தில் திரட்ட முயன்ற கேர்.டேட்டா திட்டம், மக்களின் நம்பிக்கையைப் பெற முடியாமல் 2016இல் மூடப்பட்டது.

ஆகவே மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளுக்கும் பரவலாக, விருப்பமுள்ள சில கிளினிக்குகள் வாரம் ஒரு முறை வயதுப் பிரிவு, வார்டு எண், காய்ச்சல் தொடங்கிய நாள், இருமல் இருந்ததா இல்லையா என்ற நான்கை மட்டும் அனுப்பினால் தொடக்கத்துக்கு அது போதும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வார்டுவாரியாகத்தான் போகிறார்கள் என்பதால் வார்டு எண்ணை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. நோயாளி வசிக்கும் வார்டைக் கேட்டு எழுத வேண்டும், கிளினிக் இருக்கும் வார்டை அன்று.