மேட்டில் ஏறி வருபவருக்கு வழிவிடு

சித்தப்பா, இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் இருக்கும் எங்கள் கிராமத்தில் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. எல்லாம் வாசலுக்கே வரும். எப்போது வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது. நூலக வண்டி, பொரித்த மீன் வண்டி, ஜன்னல் துடைப்பவர், புகைபோக்கி சுத்தம் செய்பவர் என்று அத்தனை பேருடைய விளம்பரமும் தேவாலய மாத இதழின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். முதல் பக்கத்தில் பாதிரியார் எழுதுவதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தைக் கிழித்து ஃப்ரிட்ஜில் ஒட்டாத வீடு கிடையாது. பஸ் டிக்கெட்டுக்கு 3 பவுண்டுதான் உச்சவரம்பு என்று அரசாங்கம் பெருமை பேசுகிறது. டிக்கெட் மலிவுதான், பஸ்ஸைத்தான் காணோம்.

எரிவாயுக் குழாயும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டைச் சூடாக்குவது மண்ணெண்ணெய். ஆமாம், அதே மண்ணெண்ணெய்தான். 500 லிட்டருக்குக் குறைந்து எவரும் கொண்டுவந்து ஊற்ற மாட்டார்கள் என்பதால் ஊரே சேர்ந்து மொத்தமாகப் பேரம் பேசி வாங்குகிறோம். எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் விலை வரம்பு வைத்தவர்கள் இதற்கு வைக்கவில்லை. 2022 மார்ச்சில் லிட்டர் ஒரு பவுண்டைத் தாண்டியபோது எங்கள் வீட்டில் கம்பளிக்குமேல் கம்பளி போட்டுக்கொண்டு நடமாடிய கதை உங்களுக்குத் தெரியும். பாதாளச் சாக்கடையும் இல்லை. தோட்டத்துக்கு அடியில் செப்டிக் டேங்க். ஊற்ற ஒரு லாரி, உறிஞ்ச ஒரு லாரி.

இரண்டும் வியாழக்கிழமை ஒரே நேரத்தில் வந்தன.

எங்கள் சந்தின் அகலம் உங்களுக்குத் தெரியும். மேலேயிருந்து உறிஞ்சும் லாரி இறங்குகிறது, கீழேயிருந்து எண்ணெய் லாரி ஏறுகிறது, எங்கள் வேலிக்கு நேராக இரண்டும் மூக்கோடு மூக்கு. இரண்டு ஓட்டுநர்களும் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவரும் ஓரங்குலம் நகரவில்லை. அதற்குள் எதிர்வீட்டுப் பெரியவர் செருப்போடு ஓடிவந்து, சாலை விதிகளில் 155ஆவது விதி என்று தொடங்கிவிட்டார். மேட்டில் ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டுமாம், தேவைப்பட்டால் ஒதுங்கும் இடம்வரை பின்னால் போக வேண்டுமாம். விதி சரிதான். ஆனால் பின்னால் போக வேண்டியவர் மேட்டு வீட்டின் தொட்டியைக் காலி செய்துவிட்டு வருகிறார். பல வருடம் திறக்காத தொட்டியாம். வண்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. அந்தப் பாரத்தோடு மேட்டில் பின்னோக்கி ஏற வேண்டும் என்று தெரிந்ததும், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் காற்றடிக்கும் திசையைப் பார்த்து இடம் மாறி நின்றது.

என் வீட்டுக்காரர் மாடி ஜன்னலில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறாராம். எப்போது இல்லை?

எண்ணெய்க்காரர் விவரமானவர். எப்படியும் நிற்கப் போகிறோம், குழாய் இங்கிருந்தே எட்டும் என்று வேலிக்கு மேலாக அதை இழுத்துவந்துவிட்டார். அப்போதுதான் அத்தை கம்பளித் தொப்பியும் புடவையுமாக வெளியே வந்தார்.

"முதலில் மீட்டரில் பூஜ்யம் காட்டச் சொல்."

"அத்தை, இங்கே அப்படியெல்லாம் ஏமாற்ற மாட்டார்கள்."

"அதையும் காட்டிவிட்டே செய்யட்டும்."

தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த மனிதர் முகம் கோணாமல், மீட்டர் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்து, குனிந்து நின்று பூஜ்யத்தைக் காட்டினார். எண்கள் ஓடத் தொடங்கின. ஐம்பது, நூறு, இருநூறு. அத்தை வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். "நம் ஊர் ரேஷன் கடையில் ஐந்து லிட்டர் நீல மண்ணெண்ணெய்க்குக் கால் கடுக்க வரிசையில் நின்றிருக்கிறேன். உன் புருஷன் இடுப்பில். நம் முறை வரும்போது பீப்பாயைக் கவிழ்த்துக் காட்டுவான், தீர்ந்துவிட்டது என்று." ஐந்நூறில் மீட்டர் நின்றது. இயந்திரம் கடகடவென்று துப்பிய ரசீதை என்னிடம் தராமல் அவரே வாங்கிக்கொண்டார். இப்போது அது பூஜையறையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. கணக்குக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "படம் எடுத்துக்கொள், அதை எடுக்காதே" என்று பதில் வந்தது.

ஒருவழியாக உறிஞ்சும் லாரி முனகிக்கொண்டே பின்னால் ஏறி, எண்ணெய் லாரிக்கு வழிவிட்டு, பிறகு இறங்கி, எங்கள் வாசலைக் கடந்து போயே போய்விட்டது. நிரம்பிய வண்டியில் எங்கள் தொட்டியில் இருப்பது எங்கே கொள்ளும்? அந்த லாரிக்காரரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், "வண்டி வந்ததே! உங்கள் சந்தில் வழியில்லை என்று ஓட்டுநர் எழுதியிருக்கிறார்" என்கிறார்கள். வந்து போனதற்குக் கட்டணம் வேறு உண்டாம். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து.

ஆகவே லண்டன் ஈஸ்ட் ஹாம் சித்தப்பா, இந்தச் சனிக்கிழமை ஏழு பேராகப் புறப்படுவதாகச் சொன்னீர்களே, தயவுசெய்து தள்ளிப் போடுங்கள். வந்தே தீருவேன் என்றால் தனியாக வாருங்கள். வந்தாலும் காபி கொடுக்க மாட்டோம்.