ஈஆர்ஜி எடுக்கப் போகிறீர்களா? இருட்டில் அந்த 20 நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள்

மாலைக்கண் என்றால் நம் பக்கம் உடனே முருங்கைக்கீரைதான். வைட்டமின் ஏ குறைவு என்றால் அது சரி. ஆனால் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டிய குடும்பத்தில் பிள்ளை இருட்டில் தடுமாறினால், பரம்பரை விழித்திரை நோயா என்று பார்த்தே ஆகவேண்டும். தொடக்கத்தில் விழித்திரை பார்க்க நன்றாகவே இருக்கலாம். ஒளி பட்டதும் விழித்திரை தரும் மின் பதிலை அலையாக வரையும் ஈஆர்ஜி சோதனையில் குறை தெரிந்துவிடும்.

காட்பாடியில் ரயிலிறங்கி, வெயிலில் அலைந்து, அப்படியே சோதனை நாற்காலியில் உட்காராதீர்கள். சாதாரண அறை வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது இருங்கள். விழித்திரைப் படம் எடுப்பதை ஈஆர்ஜிக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஃபிளாஷ் பட்ட கண்ணுக்கும் ஓய்வு வேண்டும்.

கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டபின் 20 நிமிஷம் முழு இருட்டு. மங்கலான ஒளிக்கு, இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்கள் வழியாக மட்டுமே பதில் வரும். அவை தேறத்தான் இவ்வளவு நேரம். நடுவில் யாராவது மணி பார்க்க செல்போனைத் திறந்தால் போச்சு. வரைபடத்தில் மேலே எழும் பி அலை குட்டையாக வரும், இல்லாத நோய் இருப்பதுபோல் ரிப்போர்ட் சொல்லும். அப்படி ஆனால் மறுபடி முதலிலிருந்து இருட்டில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம்.

அதன்பின் பலமான ஒளி. முதலில் கீழே இறங்கும் ஏ அலை ஒளி உணரும் செல்களுடையது, மேலே எழும் பி அலை அதற்கடுத்த அடுக்குடையது. கடைசியில் 10 நிமிஷம் வெளிச்சத்துக்குப் பழக்கி, நொடிக்கு 30 முறை மின்னும் ஒளியால், வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்பு செல்களைச் சோதிப்பார்கள்.

கீழ் இமையோரம் கருவிழியைத் தொட்டபடி கிடந்து மின் அலையைப் பிடிக்கும் எலக்ட்ரோடு தலைமுடியைவிட மெல்லிய நூல். ஓங்கிச் சிமிட்டினால் நழுவிவிடும். நெற்றியில் திருநீறு, கண்ணில் மை, தலையில் தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். எலக்ட்ரோடு ஒட்டும் தோலில் பிசுக்கு இருந்தால் மின்தடை 5 கிலோ ஓமுக்கு மேல் போகும். கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அலைமேல் ஏறிக்கொள்ளும்.

பார்வை நரம்புக்கான விஇபி சோதனையும் எழுதியிருந்தால் அதைச் சொட்டு மருந்துக்கு முன்பே, உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடித்துவிடுங்கள். மருந்து விட்டபின் திரையில் காட்டும் கருப்பு வெள்ளைக் கட்டங்கள் மங்கி, சுமார் 100 மில்லி நொடியில் வரவேண்டிய பி100 (P100) அலை தாமதமாகி ஏமாற்றும்.

வருஷா வருஷம் பார்ப்பவர்கள் அலை வரைந்த தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த முறையும் அதே வகை எலக்ட்ரோடுதானா என்று கேளுங்கள். வகை மாறினால் அலையின் உயரமும் மாறிவிடும்.