ஆர்மடில்லோவும் காய்கறித் தோட்டமும்: இதுவரை செய்து பார்த்தவை

அமெரிக்காவில் தெற்கு மிசௌரி, ஓசார்க் மலைப்பக்கம். வீட்டுக்குப் பின்னால் கத்தரி, வெண்டை, ஒரு புடலைப் பந்தல். இந்த வருடம் களையெடுத்ததை விட ஆர்மடில்லோவைத் துரத்தியதுதான் அதிகம். முதுகில் பட்டை பட்டையாக ஓடு உள்ள, மண்ணைத் தோண்டி இரை தேடும் பிராணி அது.

பாத்தி நெடுக மூன்று நாலு அங்குல அகலத்தில் கூம்புக் குழிகள், மூடாக்காகப் போட்ட சருகு எல்லாம் ஒரு பக்கம் தள்ளிக் கிடக்கும். செடியை அது கடிப்பதே இல்லை. அதற்கு வேண்டியது வேர்ப்புழு, வண்டு, மண்புழு, எறும்பு. நாம் தொழு உரம் போட்டு, தண்ணீர் விட்டு, மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும் இடத்தில்தான் அதெல்லாம் நிறைய இருக்கிறது, அதனால் நேரே அங்கேதான் வரும். மூக்கு அவ்வளவு கூர்மை, கண் ரொம்ப மந்தம். நாற்று சாவது வேர் வெளியே வந்து வெயிலில் காய்வதால்.

இங்குள்ள பெரியவர்கள் தங்கள் சின்ன வயதில் இதைப் பார்த்ததே இல்லை என்கிறார்கள். நம்பலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி டெக்சாசுக்குள் வந்த பிராணி, மெல்ல மெல்ல வடக்கே ஏறி இப்போது கான்சஸ், இல்லினாய்ஸ், இண்டியானா வரை போய்விட்டது. ஒவ்வொரு ஈற்றிலும் அநேகமாக நாலு குட்டி, நாலும் ஒரே கருமுட்டையிலிருந்து, அதனால் நாலும் ஒரே பால். குளிர்காலத்தில் முடங்கித் தூங்கும் வழக்கமும் இல்லை, உடம்பில் கொழுப்பும் குறைவு. தரை உறைந்து பல நாள் கிடந்தால் பட்டினியில் செத்துவிடும், குளிர் குறைந்த வருடங்களில் பிழைத்து இன்னும் வடக்கே நகரும். நம் ஊர் அழுங்கைப் பார்த்தவர்களுக்கு அதன் சொந்தக்காரன் என்று தோன்றும், ஆனால் உறவு கிடையாது. இந்த ஒன்பது பட்டை வகை பந்தாகச் சுருளவும் சுருளாது, பயந்தால் மூன்று நாலடி செங்குத்தாகத் துள்ளும். சாலையில் இத்தனை அடிபட்டுக் கிடப்பதற்கு அந்தத் துள்ளலும் ஒரு காரணம்.

சரி, செய்து பார்த்தவை. நாப்தலீன் உருண்டை, மிளகாய்த்தூள் இரண்டும் சுத்த வீண், உருண்டை மண்ணுக்கும் கெடுதல். விஷம் வைக்கும் பேச்சே வேண்டாம், இங்கே ஆர்மடில்லோவுக்கென்று அனுமதி பெற்ற விஷ மருந்து எதுவும் இல்லை.

பலன் கொடுத்தது கூண்டுதான், அதுவும் இரை வைத்ததால் இல்லை. காலடியில் மண் முழுக்க புழு இருக்கும்போது கூண்டுக்குள் கிடக்கும் பழத்துக்கு அது ஏன் வரப்போகிறது? சுவர், வேலி, மரக்கட்டை என்று ஏதாவது ஒன்றின் ஓரத்தை ஒட்டியே நடக்கும். அந்தத் தடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. 10 அங்குல அகலம், 12 உயரம், 32 நீளம் உள்ள கம்பிக்கூண்டை ஷெட் சுவரை ஒட்டி வைத்தேன். ஆறடி நீளப் பலகைகளை அதன் வாயிலிருந்து புனல் மாதிரி விரித்து, சரியாமல் இருக்க முளை அடித்தேன். பலகை இல்லாமல் வைத்தபோது கூண்டைச் சுற்றிப் போய்விட்டது, பலகை வைத்த பிறகு தானாக உள்ளே நடந்தது. வெயில் காலத்தில் அது இரவுப் பிராணி, அதனால் சாயங்காலம் வைத்து விடிந்ததும் பார்த்துவிட வேண்டும், வெயிலில் அடைபட்டுக் கிடக்க விடக் கூடாது.

பிடித்ததை என்ன செய்வது என்பதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமான பகுதி. தூரத்தில் கொண்டுபோய் விடுவது பல மாநிலங்களில் சட்டவிரோதம், அங்கே இன்னொருவர் தோட்டத்துக்குத் தொல்லை வேறு. மாநில வனவிலங்குத் துறைக்கு முதலிலேயே போன் செய்து கேட்டுக்கொண்டு, அவர்கள் சொன்னபடி செய்தேன். நீங்களும் கூண்டு வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

கையுறை கட்டாயம். தென் மாநிலங்களில் தொழுநோய்க் கிருமி ஆர்மடில்லோவிடமிருந்து மனிதருக்கு வந்திருக்கிறது என்று 2011இல் மரபணு ஆய்வில் காட்டினார்கள். பெரும்பாலானவர்கள் உடம்பில் அதற்கு இயற்கையான எதிர்ப்பு உண்டு, நோயைக் குணப்படுத்த மருந்தும் உண்டு, பதற வேண்டியதில்லை. ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

ஷெட் அடியில் ஒரு வளை இருந்தது, எட்டு அங்குல வாய். வாயில் சருகை லேசாக அடைத்து வைத்து, சில நாள் கலையாமல் இருந்த பிறகுதான் கல்லும் மண்ணும் போட்டு மூடி, மேலே கம்பிவலை பதித்தேன். வசந்த காலத்தில் உள்ளே குட்டி இருக்கலாம், அப்போது மூடக் கூடாது.

கத்தரிப் பாத்திக்கு இரண்டடி உயரத்தில் வேலி போட்டாயிற்று, அடிப்பாகத்தை ஒன்றரை அடி மண்ணுக்குள் வெளிப்பக்கமாகச் சாய்த்துப் புதைத்திருக்கிறேன். ஓசார்க் மண்ணில் கடப்பாரை இல்லாமல் இது நடக்காது, தோண்டுகிற இடமெல்லாம் கல். போட்ட பிறகு அந்தப் பாத்தியில் ஒரு குழிகூட இல்லை. வெண்டைப் பக்கமும் ஓடைப் பக்கமும் பாக்கி, தரை இறுகுவதற்குள் வெண்டைப் பக்கத்தையாவது முடிக்கப் பார்க்கிறேன்.