ஓனர் ஊரில் இல்லாத வீடு

சென்னையில் வேளச்சேரி, பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம், வெளிநாட்டில் இருப்பவர்களின் ஃபிளாட்டுகளை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆள் பிடித்துக் கொடுத்து ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டால் புரோக்கர் வேலை முடிந்தது. எங்களுக்கு வாடகை பேசுவதில் தொடங்கி, குடியிருப்பவர் காலி செய்யும் நாள்வரை வேலை இருக்கிறது.

வாடகை பேசுவதே பெரும்பாடு. "28,000-க்குக் கீழே விடாதேப்பா, எதிர் பிளாக்கில் அப்படித்தான் போயிருக்கு" என்பார் ஓனர். அந்த வீட்டில் மாடுலர் கிச்சனும் ஏசியும் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. 25,000-க்குத் தயாராக நிற்கும் குடும்பத்தை அனுப்பிவிட்டு இரண்டு மாதம் பூட்டி வைத்தால் 50,000 போச்சு. மெயின்டனன்ஸ் வேறு கையிலிருந்து கட்ட வேண்டும். மாதம் மூவாயிரம் கூடுதலாக வாங்கி அந்தப் பணத்தை எடுக்கப் பதினேழு மாதம் ஆகும். வழக்கமாக அக்ரிமென்ட் போடுவதோ பதினொரு மாதத்துக்கு. இப்படிக் கணக்குப் போட்டுச் சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்த வேலையிலேயே நான் அதிகம் மெனக்கெடுவது சாவி கொடுக்கும் நாளில்தான். குடிவருபவர்களோடு ஒவ்வொரு அறையாகப் போவேன். எல்லாக் குழாயையும் திறந்து பார்ப்போம். கீசரைப் போட்டுவிட்டுத் தண்ணீர் சூடாகும்வரை நிற்போம். பாத்ரூம் டைல்ஸில் விரிசல், சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள், இ.பி. மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, ஒரு தாளிலும் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன். பெருங்குடியில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, அலமாரிக் கதவு தண்ணீரில் ஊறி உப்பியிருக்கிறது, அட்வான்ஸில் பிடித்துக்கொள் என்றார் ஓனர். "நாங்க வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு சார்" என்று அந்த அம்மா கலங்கிப்போய்ச் சொன்னார். பழைய வீடியோவை ஓனருக்கு மறுபடி அனுப்பினேன். அதில் அதே கதவு, அதே உப்பல். "சரி, முழுசா கொடுத்துடுப்பா" என்று அவரும் சொல்லிவிட்டார். சம்பளம் கொடுப்பவர் ஓனர்தான். அதற்காகக் குடியிருப்பவரின் பணத்தில் கைவைக்க நான் துணைபோக மாட்டேன்.

தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எழுத்தில் அக்ரிமென்ட் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அக்ரிமென்டில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஆனாலும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழைய பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அப்புறம் டி.டி.எஸ்., அதாவது வாடகையிலேயே பிடித்துக்கொள்ளும் வருமான வரி. ஓனர் என்.ஆர்.ஐ. என்றால், குடியிருப்பவர்தான் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். பொதுவாக 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும். பல வாடகைதாரர்களுக்கு இது தெரியாது. பின்னால் நோட்டீஸ் வந்தால் மாட்டிக்கொள்வது அவர்கள்தான். அதனால் டோக்கன் அட்வான்ஸ் வாங்கும் முன்பே உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறோம்.

ஓனர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அட்வான்ஸைச் செலவு செய்யாமல் தனியாக ஒரு டெபாசிட்டில் போட்டு வையுங்கள். அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் தர முடியும் என்று, சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு நிற்கும் குடும்பத்திடம் என்னால் சொல்ல முடியாது.